பால் கொட்டாய்த் தராசும் மொழி ஆய்வுப் பணமும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

உள்ளே வரும்போது வாசலில் ஒரு பெரியவர், "பசியாறியாச்சா?" என்று கேட்டார். சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவர் முதன்முதலில் இதைக் கேட்டபோது எனக்குப் பசி என்று யார் சொன்னது என்று திகைத்தார். நமக்கு அது காலைச் சாப்பாடு. ரப்பர் நமக்குக் கித்தா, மலாய்க்காரரின் 'கெத்தா'விலிருந்து வந்தது. பால் வடியும் கிண்ணம் மங்கு, அதுவும் மலாய்தான். விடியற்காலை ஆள் கணக்கு எடுப்பது பெரட்டு. அது ஆங்கிலப் 'பரேட்'. கடைக்காரத் தவுக்கே சீனத்திலிருந்து வந்தவர். மூன்று தலைமுறைக்குள் நான்கு மொழி கலந்து ஒரு தமிழ் உருவாகியிருக்கிறது. மொழிகள் அண்டை வீட்டுக்காரர்களாக வாழ்ந்தால் எந்தச் சொல் தங்குகிறது, எந்த இலக்கணம் வளைகிறது என்பது மொழி அறிவியலின் பெரிய கேள்விகளில் ஒன்று. அதற்கான சான்று நம் லயத்து வாசலில், தோட்டத்து வரிசை வீட்டு வாசலில், கிடந்தது. லயம் இடிந்து, கித்தா போய், செம்பனை வந்துவிட்டது. பேசியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இதை ஆராய யார் பணம் தருவார்கள்? செம்பனை எண்ணெய்க்கு ஆய்வு நடத்தக் கம்பெனி உண்டு. மங்கு என்ற சொல்லை ஆராய எந்தக் கம்பெனியும் வராது. அரசாங்கம்தான் வர வேண்டும். அரசாங்கப் பணம் என்றால் நம் பணம். அதை யார் பிரிக்கிறார்கள், எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பல ஆண்டுகள் இப்படிப்பட்ட கோப்புகளோடு வாழ்ந்தவன் நான். அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

நம் நாட்டில் 2006ல், ஒன்பதாவது மலேசியத் திட்டக் காலத்தில், உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியத் திட்டம் வந்தது. எஃப்.ஆர்.ஜி.எஸ். என்பார்கள். மானியம் கிடைத்ததும் பணம் எண் போட்ட செலவுத் தலைப்புகளாக, 'வோட்'களாக, பிரியும். உதவியாளர் சம்பளம் வோட் 11000, பயணம் வோட் 21000, கருவிகள் வோட் 35000. ஒரு வோட்டில் மிச்சம் இருக்கிறதே என்று இன்னொன்றில் கை வைக்க முடியாது, அனுமதி வாங்க வேண்டும். எரிச்சலூட்டும் வேலைதான். ஆனாலும் அந்தக் கட்டுப்பாட்டை நான் மதிக்கிறேன். காரணம், கித்தாப் பாலை எடைபோடும் பால் கொட்டாயில் என் அம்மா நின்றதைப் பார்த்து வளர்ந்தவன்.

உங்களில் பலருக்கு அது நினைவிருக்கும். காண்டாவில், அதாவது தோளில் வைக்கும் கம்பில், இரண்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து தராசில் வைப்பார்கள். தோட்டத்துக் கணக்கர் கிராணியார் எடை பார்ப்பார். அதோடு விடமாட்டார், மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் கருவியைப் பாலில் மிதக்க விடுவார். பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மீதி பெரும்பாலும் தண்ணீர். மழைத்தண்ணீர் கலந்திருந்தால் கருவி காட்டிவிடும். அம்மா வாளியைப் பார்க்கமாட்டார். கிராணியாரின் பென்சில் செக்ரோல் என்ற கணக்குப் புத்தகத்தில் என்ன எழுதுகிறது என்பதையே கண் கொட்டாமல் பார்ப்பார். கிராணியாரின் தங்கை பால் ஊற்ற வந்தால் அன்றைக்கு எல்லாக் கண்ணும் அந்தப் பென்சில் மேல்தான்.

ஆய்வு மானியமும் இதே கதைதான். விண்ணப்பத்தின் நீளம் எடை மாதிரி. உள்ளே எத்தனை பங்கு ரப்பர் என்று பார்க்க அந்தத் துறை தெரிந்தவர் வேண்டும், அவர் விண்ணப்பித்தவருக்கு வேண்டியவராக இருக்கக்கூடாது. அமெரிக்காவின் தேசிய அறிவியல் நிறுவனத்தில் மொழியியலுக்கென்றே தனித் திட்டம் இருந்து வந்திருக்கிறது. வெளியிலிருந்து அறிஞர்கள் கருத்து எழுதுவார்கள், திட்ட அதிகாரி அதையெல்லாம் படித்துப் பரிந்துரை செய்வார். கடந்த 48 மாதத்துக்குள் விண்ணப்பதாரரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர் மதிப்பிட முடியாது. மொழித்துறை சின்ன உலகம். ஒரே மொழியை ஆராய்பவர்கள் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் நண்பர்கள், அல்லது நாலு பேரும் பகை. இரண்டுமே ஆபத்து.

பணம் கொடுக்கும் அரசாங்கத்தின் அவசரம் இன்னொரு ஆபத்து. 1957ல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியது. பயந்துபோன அமெரிக்கா அடுத்த ஆண்டே ஒரு சட்டம் போட்டு உலக மொழிகளைக் கற்பிக்கப் பணத்தைக் கொட்டியது. தமிழும் அதில் பயன்பெற்றது. அதே அச்சத்தில்தான் ரஷ்ய மொழியைக் கம்ப்யூட்டரே மொழிபெயர்க்க வேண்டும் என்ற ஆய்வுக்கும் பணம் போனது. 1954ல் அறுபது சொச்சம் வாக்கியங்களை ஒரு கம்ப்யூட்டர் மொழிபெயர்த்துக் காட்டியிருந்தது. சில ஆண்டில் வேலை முடிந்துவிடும் என்று நம்பினார்கள். முடியவில்லை. 1966ல் ஒரு குழு அறிக்கை கொடுத்தது, அந்த ஆய்வுக்கு வந்த பணம் பெரும்பாலும் நின்றுபோனது. கித்தா மரம் பால் தர ஆறேழு வருஷம் ஆகும் என்பது நமக்குத் தெரியும். இரண்டாவது வருஷமே கத்தியோடு போய் நின்றால் எப்படி?

நானும் ஒரு மதிப்பீட்டுக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தோட்டத் தமிழ் பற்றிய விண்ணப்பம் வந்தது. "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்று எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, இன்று சொல்கிறேன். பக்கவாதம் வந்து பேச்சுத் தடுமாறும் ஒரு பாட்டியிடம் சிகிச்சையாளர் கிண்ணத்தின் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்கிறார். பாட்டி "மங்கு" என்கிறார். சிகிச்சையாளரின் தாளில் கிண்ணம் என்றுதான் இருக்கிறது. தவறு என்று குறித்துவிட்டால், அவருக்கு இருக்கிற பேச்சையும் இல்லை என்று எழுதியதாகிவிடும். இந்த நாட்டுத் தமிழர் எப்படிப் பேசுகிறார்கள் என்ற ஆய்வு இருந்தால்தான் அந்தத் தாளைத் திருத்த முடியும்.

இப்போது என் மனத்தில் உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு திட்டம் நடந்தது. பெயர் வேண்டாம். நம் ஊர்ப்பக்கத்து முதியவர்கள் பலரின் பேச்சைப் பதிவு செய்தோம். பால் வெட்டின காலம், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டாய், மாதம் பத்து வெள்ளிப் பணம் கட்டி, தோட்டம் வாங்கத் தொழிலாளர் சேர்ந்த நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்த கதை. கட்டுரைகள் வந்தன, மாணவர் பட்டம் பெற்றார், கணக்கு ஒரு சென்கூட இடிக்கவில்லை. கோப்பை 'முடிந்தது' என்று மூடினோம். சில ஆண்டு கழித்து ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நான் பேசினது எங்க இருக்கு? பேத்திக்குப் போட்டுக் காட்டணும்" என்றார். தேடினேன். உதவியாளர் வேலை மாறிப்போயிருந்தார். அலமாரியில் ஒரு ஹார்டு டிஸ்க் இருந்தது. செருகினால் டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வேறு படி எங்கும் இல்லை. அந்த அம்மாவிடம் அதைச் சொன்ன நாளை நான் மறக்கமாட்டேன்.

எந்த விதியையும் நாங்கள் மீறவில்லை. பேச்சு எங்கே இருக்கும் என்று எந்தப் படிவமும் எங்களைக் கேட்கவில்லை. நான் சொன்ன அமெரிக்க நிறுவனம் 2011 ஜனவரியில் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இரண்டு பக்கத்துக்கு மிகாமல் ஒரு திட்டம் கேட்கத் தொடங்கியது: சேகரித்ததை எங்கே வைப்பீர்கள், யார் பார்க்கலாம், எப்படிப் பாதுகாப்பீர்கள்? மொழி ஆய்வில் முதலில் படிக்க வேண்டிய பக்கம் அதுதான் என்பேன். கட்டுரையை இன்னொருவர் மறுபடி எழுதிவிடலாம். எண்பது வயது அம்மாவின் பேச்சை மறுபடி எங்கே போய் வாங்குவது?

1960ல் துன் சம்பந்தன் அந்த நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நம் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். பத்து வெள்ளிக்கும் ரசீது கேட்டு வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்தார்கள் நம் பெற்றோர். ரெக்கார்டரோடு யாராவது உங்கள் வீட்டுக்கு வந்தால் அதே மாதிரி கேளுங்கள். இது எந்த மானியம்? என் பேச்சின் பிரதி எனக்கு எப்போது வரும்? அரை நாள் வேலையை விட்டு உட்கார்ந்தால் அதற்குச் சன்மானம் போட்டிருக்கிறீர்களா? இந்தப் பகுதியை வெளியே விடாதே என்றால் விடமாட்டீர்களா? கேட்டால் கோபித்துக்கொள்ளும் ஆராய்ச்சியாளருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள், பேச்சைக் கொடுக்காதீர்கள்.

நண்பர்களோடு சேர்ந்து புதிய விண்ணப்பம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பாதுகாப்புக்கென்று முதலிலேயே பணம் ஒதுக்கியிருக்கிறோம். படிகள் மூன்று. ஒன்று பேசியவர் வீட்டுக்கு, ஒன்று பல்கலைக்கழகத்துக்கு, ஒன்று இந்தப் பள்ளி நூலகத்துக்கு. அந்த அம்மா இப்போது இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். மறுபடி பேசுகிறேன் என்று சொல்லிவிட்டார். இந்தத் தடவை பேத்தியும் பக்கத்தில் இருக்க வேண்டுமாம், கேள்வியைப் பேத்திதான் கேட்க வேண்டுமாம்.