அழாத பிள்ளைக்கும் பசி உண்டு

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நிர்வாக அதிகாரிகளே, மருத்துவப் பெருமக்களே, மீட்புப் பணியில் இரவு பகல் பாராமல் உழைத்த இளைஞர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்கு முன் பேசிய மருத்துவர் அம்மையார் தம் நேரத்தில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். அவர்களுக்குத் தனி நன்றி.

பேரிடருக்குப் பின் மனநலச் சிகிச்சை யாருக்குத் தேவை, என்ன சிகிச்சை, அது எங்கே கிடைக்க வேண்டும் என மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். 'அழுத பிள்ளை பால் குடிக்கும்' என்று நான் எல்லா மேடைகளிலும் சொல்வதுண்டு. கேட்டால்தான் உதவி கிடைக்கும்.

வெள்ளமோ புயலோ நிலநடுக்கமோ வந்துபோன முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும், சிறு ஓசைக்கும் திடுக்கிடுவதும் நோயல்ல. பெரும்பாலோருக்கு அது தானே தணிந்துவிடும். ஆனால் ஒரு மாதம் கடந்தும் அந்தக் காட்சியே கண்முன் வந்துநின்று, வேலையையும் குடும்பத்தையும் கவனிக்க முடியாமல் போனால், சிகிச்சையை நாட வேண்டும். அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்னும் இதனை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980-இலேயே நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினாலோ, நாள் கணக்கே பார்க்கக் கூடாது; அன்றே போக வேண்டும்.

நான் தொண்டாற்றிய ஒரு வெள்ள நிவாரண முகாமில் பெரியவர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் சோறு பரிமாறுவார், ஒருநாளும் கண்கலங்கியதில்லை. 'கல்நெஞ்சுக்காரர்' என்று நாங்களே பேசிக்கொண்டோம். நான்கு மாதம் கழித்து, நெஞ்சு அடைக்கிறது என்று மருத்துவரிடம் வந்தார். இதயத்தில் குறையேதும் இல்லை. சட்டைக்குள் ஏதோ புடைத்திருப்பதைக் கண்ட மருத்துவர், "ஐயா, இது என்ன?" என்று கேட்டார். வீட்டுப் பத்திரத்தையும் அடையாள அட்டையையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, கயிற்றால் இடுப்பில் கட்டியிருந்தார். தூங்கும்போதும் அவிழ்ப்பதில்லை, கயிறு இறுகிய இடத்தில் தோல் கறுத்திருந்தது. "குழாய் சொட்டினாலும் எழுந்துவிடுகிறார்" என்றார் அவர் மனைவி. பெரியவர் அப்போதுதான் முதன்முறையாக அழுதார்.

அன்றிலிருந்து அந்தப் பழமொழி என்னை உறுத்துகிறது. அழுத பிள்ளை பால் குடிக்கும், சரி; அழத் தெரியாத பிள்ளையின் பசி யார் கண்ணில் படும்?

சிகிச்சை பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிர்ச்சியை மையமாகக் கொண்ட பேச்சுவழிச் சிகிச்சைகளுக்கு நல்ல பலன் உண்டு. முதல் மாதத்தில் அதிர்ச்சியின் அறிகுறிகளைத் தணிக்க பதற்றம் தணியவும் தூக்கம் வரவும் கொடுக்கப்படும் பென்சோடயசபின் வகை மாத்திரைகளைத் தரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் அறிவுறுத்தியது. மற்றதை இங்குள்ள மருத்துவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

என் கோரிக்கைக்கு வருகிறேன். முகாமில் காய்ச்சலுக்கு மருந்து தரும் மேசைக்குப் பக்கத்திலேயே மனநல ஆலோசகருக்கும் ஒரு நாற்காலி வேண்டும். 'மனநலப் பிரிவு' என்று தனிப் பலகை வைத்தால், ஊர் பார்க்குமே என்று எவரும் வரமாட்டார்கள். முகாம் கலைந்ததும் அந்த நாற்காலியும் போய்விடக் கூடாது. குறைந்தது ஓராண்டாவது அருகிலுள்ள மருத்துவமனையில் அது தொடர வேண்டும், ஏனெனில் பெரியவர் வந்தது நான்காம் மாதத்தில்.

அதிகாரிகளிடம் அளிப்பதற்கான மனு வாசலருகே உள்ள மேசையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் அனைவரும் கையெழுத்திட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.