இயன் ஹோம்: ரெண்டாவது தடவை பார்க்க வேண்டிய நடிகர்

[திரையில்: 'ஏலியன்', 1979. விண்கலத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் ஆஷ் வேடத்தில் ஹோம்.]

ஆஷ் கைகாலை உதறிக்கொண்டு, நின்ற இடத்திலேயே கொஞ்சம் ஓடுகிறார், பாருங்கள். முதல் தடவை பார்க்கும்போது, கால் மரத்துப்போயிருக்கும் என்று நினைத்துக் கடந்துவிடுவோம். அவர் மனிதரே இல்லை, இயந்திரம் என்று தெரிந்தபின் இதே காட்சி உறுத்தும். மரத்துப்போகாத காலை எதற்கு உதற வேண்டும்? (படம் வந்து நாற்பது வருஷம் தாண்டிவிட்டது, ரகசியத்தை உடைத்ததற்குத் திட்டாதீர்கள்.)

இயன் ஹோம், 1931இல் இங்கிலாந்தின் எசெக்ஸில் பிறந்தவர். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழுவில் பேர் வாங்கிய மேடை நடிகர். 1976இல் ஒரு நாடகத்தின்போது மேடை பயம் பிடித்துக்கொண்டது. அப்புறம் பல வருஷம் மேடைப் பக்கம் அவ்வளவாகப் போகவில்லை. நாடகத்துக்கு நஷ்டம், சினிமாவுக்கு லாபம்.

[திரையில்: மறுபடியும் 'ஏலியன்'. மேசைமேல் ஆஷின் துண்டான தலை.]

இதில் ரெண்டு தலை இருக்கிறது. ஹோமின் முகத்தை அச்செடுத்து ரப்பர் தலை செய்தார்கள். ரப்பர் இறுகும்போது சுருங்கிவிட்டது, அதனால் முகம் சரியாக ஒத்துவரவில்லை. அந்த ஷாட்களில் நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். மீதிக் காட்சிக்கு மேசையில் ஓட்டை போட்டு, ஹோம் கீழே மண்டியிட்டுத் தலையை மட்டும் வெளியே நீட்டினார். சுற்றிக் கொட்டிக் கிடக்கும் 'உள்ளுறுப்புகள்' பாலும் பாஸ்தாவும் மீன்முட்டையும்தான்.

[திரையில்: 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்', 1981.]

1924 பாரிஸ் ஒலிம்பிக். ஹோம் நடிக்கும் முஸ்ஸாபினி, பிரிட்டிஷ் ஓட்டக்காரர் ஹெரால்ட் ஏப்ரஹாம்ஸின் பயிற்சியாளர். அவர் மைதானத்துக்குள் இல்லை, காசு வாங்கிக்கொண்டு பயிற்சி தருபவருக்கு அங்கே மதிப்பில்லை. அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் வழியே தன் நாட்டுக் கொடி ஏறுவது தெரிகிறது. வைக்கோல் தொப்பியை ஒரே குத்து, கை மறுபக்கம் வந்துவிடுகிறது. இந்த அறையை விட்டு வெளியே போகாமலே ஏப்ரஹாம்ஸின் வெற்றியைக் காட்டியாயிற்று. ஆஸ்கர் பரிந்துரை இந்த வேடத்துக்குத்தான்.

[திரையில்: 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்', 2001. குள்ள இனத்துப் பில்போவாக ஹோம், கூடவே உயரமான மந்திரவாதி காண்டால்ஃப்.]

1981இல் இதே கதையின் பிபிசி வானொலி நாடகத்தில் நாயகன் ஃப்ரோடோவாகப் பேசியவர், இருபது வருஷம் கழித்துப் பில்போ. குள்ளமாகத் தெரிய அவரைக் கேமராவிலிருந்து தள்ளி உட்காரவைத்தார்கள், காண்டால்ஃப் முன்னால். இதில் சிக்கல் என்னவென்றால், பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும் ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் கோணம் கெட்டுவிடும். வெறும் காற்றைப் பார்த்துத்தான் பேச வேண்டும். இந்த ஷாட்களில் காண்டால்ஃப் மீதான அந்தப் பாசம் காற்றோடு பேசியது!

[திரையில்: 'த ஸ்வீட் ஹியர்ஆஃப்டர்', 1997. விமான இருக்கை.]

அறுபதைத் தாண்டி வந்த கதாநாயகன் வேடம். என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் இதுதான். அவர் நடிக்கும் வக்கீல் ஒரு பழைய சம்பவத்தைச் சொல்கிறார்: குழந்தையாக இருந்த மகளைச் சிலந்தி கடித்து, தொண்டை வீங்கிவிட்டது. மூச்சு அடைத்தால் தொண்டையை அறுத்துத் திறக்க வேண்டும். கையில் கத்தியோடு, மடியில் குழந்தையோடு, பாட்டுப் பாடிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனதைப் பக்கத்து இருக்கைப் பெண்ணிடம் சொல்கிறார். குரல் ஒரு இடத்தில்கூட உயரவில்லை. கத்திக்கு வேலை வரவில்லை, குழந்தை பிழைத்துவிட்டது. ஆனால் அந்த முகத்தில் நிம்மதி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.