காங்கேசன்துறையின் வாக்கு

வணக்கம் நேயர்களே. சுயநிர்ணய உரிமை என்றதும் நம்மில் பலருக்குப் போர்தான் ஞாபகம் வருகிறது. போருக்கு வெகு முன்பே ஈழத்தமிழர் அதை வாக்குச்சாவடியில் பேசினார்கள். ஒரே ஒரு தொகுதியை வைத்து அதைச் சொல்கிறேன்.

1947இல் யாழ்ப்பாணத்தின் வட கரையில் உள்ள காங்கேசன்துறைத் தொகுதியில் வென்றவர் செல்வநாயகம். தந்தை செல்வா என்று பின்னாளில் நாம் அழைத்தவர். அப்போது அவர் தமிழ்க் காங்கிரசில் இருந்தார். அடுத்த ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தோட்டங்களில் உழைத்த சுமார் 7 லட்சம் தமிழரை நாடற்றவர்கள் ஆக்கியது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரின் குடியுரிமையும் அதனால் பறிபோகவில்லை. ஆனாலும் தன் கட்சித் தலைமை அந்த அரசோடு சேர்ந்ததை அவரால் ஏற்க முடியவில்லை. பிரிந்து வந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். கேட்டது தனிநாடு அல்ல, சமஷ்டி, அதாவது ஒரே நாட்டுக்குள் கூட்டாட்சி.

சரி, மக்கள் உடனே அவர் பின்னால் போனார்களா? இல்லை. 1952இல் காங்கேசன்துறையே அவரைத் தோற்கடித்தது. கட்சிக்கு மொத்தம் 2 இடங்கள்தான் கிடைத்தன. தமிழ்த் தேசியம் தலைவர்கள் மூட்டிவிட்ட உணர்ச்சி என்று சொல்பவர்கள் இந்த 1952ஐ நின்று பார்ப்பதே இல்லை. நான்கே ஆண்டுகளில், சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச் சிங்கள முழக்கம் தெற்கை வென்ற அதே 1956 தேர்தலில், தமிழரசுக் கட்சி 10 இடங்களைப் பிடித்தது. மேடைப் பேச்சால் அசையாத மக்களை அசைத்தது அந்த முழக்கம்தான் என்பது என் எண்ணம்.

அப்புறம் 1957இல் பிரதமர் பண்டாரநாயக்காவோடு அதிகாரப் பகிர்வுக்கு ஓர் ஒப்பந்தம். மறு ஆண்டே அது கைவிடப்பட்டது. 1965இல் அப்போதைய பிரதமர் டட்லி சேனநாயக்காவோடு இன்னொன்று. அதற்கும் அதே கதி.

1972 குடியரசு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் தந்தது, சிங்களத்தை ஆட்சிமொழியாக உறுதி செய்தது. அந்த அக்டோபரில் செல்வநாயகம் தன் நாடாளுமன்ற இடத்தைத் துறந்தார். இதை என் மக்கள் ஏற்கிறார்களா என்று இடைத்தேர்தல் வைத்துக் கேட்டுப்பாருங்கள் என்பதுதான் அவருடைய சவால். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்து, 1975 பிப்ரவரி 6 அன்றுதான் அந்தத் தேர்தல் நடந்தது. நடுக்குவாத நோயால் குரல் மெலிந்துபோன அந்த முதியவரை, 16,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் மக்கள் வெல்ல வைத்தார்கள்.

மாவிட்டபுரமும் கீரிமலையும் உள்ள சைவ மண் அது. அவரோ கிறிஸ்தவர். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு. அதே மாவிட்டபுரத்தில், 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலுக்குள் நுழையவே போராட வேண்டியிருந்தது. நாம் ஓர் இனம் என்று சொல்லும் வாய் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1976 மே மாதம் வட்டுக்கோட்டைத் தீர்மானம். முதன்முறையாகத் தனி அரசு என்ற கோரிக்கை, தமிழரசுக் கட்சியும் இருந்த தமிழர் விடுதலைக் கூட்டணியின் தீர்மானமாக வந்தது. செல்வநாயகம் 1977 ஏப்ரலில் மறைந்தார். அந்த ஜூலையில் அதே கோரிக்கையோடு தேர்தலுக்குப் போன கூட்டணி 18 இடங்களை வென்றது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1983 ஆகஸ்டில், ஆறாவது திருத்தம் அந்தக் கோரிக்கையையே சட்டவிரோதம் ஆக்கியது. வாக்குப் போட்டுச் சொன்னதை இனி வாயாலும் சொல்லக்கூடாது!

1985இல் பூட்டானின் திம்புவில் இலங்கை அரசோடு நடந்த பேச்சுவார்த்தையில் தமிழர் தரப்பு நான்கு கோட்பாடுகளை முன்வைத்தது. தேசிய இனம், தாயகம், சுயநிர்ணய உரிமை என மூன்றையும் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். நான்காவது, இலங்கையை வாழ்விடமாகக் கொண்ட எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை. 1948இல் செல்வநாயகம் எதற்காகப் பிரிந்து வந்தாரோ, அதே தோட்டத் தொழிலாளியின் குடியுரிமை.

1975இல் காங்கேசன்துறையில் வாக்களித்தவர்களில் என் பெரியம்மாவும் ஒருவர். 1990இல் போரால் அந்தப் பகுதியே காலியானது. அங்குள்ள மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்தின் பிடியிலிருந்து விடுபட 2017 வரை ஆனது. கடைசிவரை பெரியம்மா தன் காணி உறுதியை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். இப்போது அது என்னிடம் இருக்கிறது.