நீலம் வெளுக்கும், சிவப்பு கறுக்கும்: ஓவியங்களைப் படமெடுத்த முதல் தலைமுறை

[திரையில்: டிஷியனின் 'பாக்கஸும் அரியாட்னியும்', லண்டன் நேஷனல் கேலரி]

இந்த ஓவியத்தை 1860களின் கேமரா முன்னால் வைத்தால் என்ன ஆகும்? அந்த ஆழ்ந்த நீல வானம் வெற்றுத் தாள் மாதிரி வெளுத்துவிடும். அரியாட்னியின் சிவப்புத் துணி கரியாக இருண்டுவிடும். அன்றைய கொலோடியன் (ஒளியுணர் ரசாயனத்தைத் தாங்கும் பசை) பூசிய கண்ணாடித் தகட்டுக்குத் தெரிந்ததெல்லாம் நீலமும் ஊதாவும்தான். போதாக்குறைக்கு, பழைய வார்னிஷின் மஞ்சள் மொத்தப் படத்தையும் மங்கடிக்கும். அதன் பளபளப்பில் ஜன்னல் வெளிச்சம் திட்டாக விழும்.

[திரையில்: செஞ்சுண்ணக் (சிவப்புச் சாக்கட்டி) கோட்டோவியம், மிக அருகில்]

அதனால் அந்தக் காலப் பிரதிகளில் ஓவியங்களைவிடக் கோட்டோவியங்களையே நம்பலாம். ஒரே நிறம், பளபளப்பு கிடையாது. செஞ்சுண்ணக் கோடு தகட்டில் கறுப்பாகப் பதியும். இங்கே அந்தக் குறையே லாபம். அல்சாஸில், டோர்னாக்கிலிருந்த புகைப்படக்காரர் அடால்ஃப் பிரவுன் இதைப் பிடித்துக்கொண்டார். இங்கிலாந்தில், நியூகாசிலின் ஜோசப் ஸ்வான் 1864ல் காப்புரிமை பெற்ற கார்பன் பிரின்ட் முறையின் உரிமையை பிரவுன் 1866ல் வாங்கினார்.

முறை இதுதான். ஜெலட்டினில் நிறமி கலந்து தாளில் பூச வேண்டும். கறுப்புக் கோட்டுக்கு விளக்குக்கரி, செஞ்சுண்ணத்துக்குச் செம்மண் நிறமி. அதாவது, பிரதியும் மூலத்தின் நிறத்திலேயே வரும். தாளை, ஜெலட்டினுக்கு ஒளியுணர்வு தரும் 3 அல்லது 4 சதவீத பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலில் சில நிமிடம் ஊறவைத்து, இருட்டில் உலர்த்த வேண்டும். நாள் கடத்தினால் வெளிச்சமே படாமல் ஜெலட்டின் தானாக இறுகிவிடும்.

பிறகு நெகட்டிவுக்கு அடியில் வெயிலில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்ட இடம் இறுகும், ஆனால் மேலிருந்து கீழ்நோக்கி. அப்படியே கழுவினால் அடியிலுள்ள இளகிய ஜெலட்டின் கரைந்து, மென்சாயல்கள் (படத்தின் வெளிர்ந்த பகுதிகள்) பிடிமானமில்லாமல் அடித்துக்கொண்டு போகும். ஸ்வானுக்கு முன்னால் பலர் தோற்றது இங்கேதான். அவர் மேல்பக்கத்தை வேறொரு தாளில் ஒட்டி, 40 டிகிரி வெந்நீரில் பழைய தாளை உரித்தெடுத்தார். இளகிய ஜெலட்டின் இப்போது மேலே வந்து கரைந்துபோகும், இறுகியது புதிய தாளில் தங்கும். படம் இடவலம் மாறும். நேராக்க இன்னொரு முறை மாற்றி ஒட்ட வேண்டும், இல்லையென்றால் நெகட்டிவையே திருப்பி எடுக்க வேண்டும்.

இதில் வெள்ளி உப்பு இல்லை. முட்டை வெள்ளைக்கரு பூசிய ஆல்புமின் பிரின்ட் மாதிரி மஞ்சளித்து மங்காது. வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்திலுள்ள கோட்டோவியத்தின் பிரதியையும் ஃபிளாரன்ஸின் உஃபிசி அருங்காட்சியகத்திலுள்ளதன் பிரதியையும் ஒரே மேசையில், பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்க முடிந்தது. நேரில் அது யாருக்கு வாய்க்கும்?

ஓவியங்களுக்கான வழி 1873ல் பெர்லினில் திறந்தது. தகட்டில் சாயம் சேர்த்தால் பச்சையும் மஞ்சளும் பதியும் என்று புகைப்பட வேதியியலாளர் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல் கண்டுபிடித்தார். சிவப்பு சரியாகப் பதிய இன்னும் 30 வருடம் போல ஆனது.