கும்மியில் இருந்து விலகி நின்ற அக்கா

நேயர்களுக்கு வணக்கமுங்க. நான் பிசியோதெரபி பார்க்கறவ. இருமினா, தும்மினா, சிரிச்சாக்கூட பொம்பளைங்களுக்கு ஒண்ணுக்கு சொட்டுதே, அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச வந்திருக்கேன். பக்கத்துல வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தா வானொலிச் சத்தத்தைக் குறைக்க வேண்டாமுங்க, அவரும் கேட்கட்டும்.

பெருந்துறைப் பக்கமிருந்து ஒரு அக்கா முழங்கால் வலின்னு வந்தாங்க. ஐம்பது வயசு இருக்கும். அவங்க ஊர்ல வள்ளிக்கும்மி பழகிட்டிருந்தாங்க. நம்ம பக்கம் இப்ப சாயங்காலமானா எத்தனை ஊர்ல கும்மிச் சத்தம் கேட்குது! சின்னப் புள்ளையில இருந்து பேரன் எடுத்தவங்க வரைக்கும் ஒரே நிறச் சேலையில வட்டமா நின்னு அடிக்கறதைப் பார்த்தா எனக்கு மனசு நிறைஞ்சு போகுமுங்க. அந்த அக்கா அரங்கேற்றத்துக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப விலகிட்டாங்க. வாத்தியார்கிட்ட காலு வலின்னு சொல்லியிருக்காங்க. நான் மடக்கி நீட்டிப் பார்த்தேன், உட்கார்ந்து எந்திரிக்கச் சொன்னேன். காலு நல்லாத்தான் இருந்தது. அப்புறந்தான் கதவைச் சாத்திட்டு மெதுவாச் சொன்னாங்க: "அம்மிணி, காலுக்கு ஒண்ணுமில்ல. குதிச்சு அடி வெக்கறப்ப சேலை நனைஞ்சு போகுது. ரெண்டு பெத்தவளுக்கு அப்படித்தான் இருக்கும்னு எங்கம்மாவும் சொல்லிட்டாங்க."

இந்த 'அப்படித்தான் இருக்கும்'ங்கற பேச்சுதான் எனக்கு ஆகாதுங்க. நிறையப் பேருக்கு இருக்குது, நிசந்தான். அதுக்காகப் பொறுத்துக்கணும்னு இல்லை.

விட்டத்துல சேலைத் தொட்டில் கட்டுவோமல்லங்க? நம்ம இடுப்புக்குள்ள, முன்பக்க எலும்புல இருந்து பின்னாடி வாலெலும்பு வரைக்கும் அப்படி ஒரு தசைத் தொட்டில் இருக்குது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, குடல் எல்லாத்தையும் அதுதான் தாங்குது. மூத்திரம் வர்ற வழியை இறுக்கிப் பிடிக்கறதும் அதுதான். பிரசவத்துல அது ரொம்ப நீண்டு கொடுக்குது. மலச்சிக்கல்ல முக்கறது, விடாத இருமல், உடம்பு எடை, தீட்டு நின்ன பிறகு வர்ற மாற்றம், இதெல்லாம் சேர்ந்து இன்னும் தளர்த்துது.

தளர்ந்த தசையைப் பழக்கலாமுங்க. ஆர்னால்டு கெகல்னு ஒரு அமெரிக்க மகளிர் மருத்துவர் 1948-லயே இதுக்குப் பயிற்சி எழுதி வெச்சிருக்கார். நாலு பேர் நடுவுல காத்துப் பிரியாம அடக்குவோமே, அப்படிப் பின்பக்கத்தை இறுக்குங்க. கூடவே ஒண்ணுக்கை அடக்கற மாதிரி முன்பக்கத்தையும் இறுக்கி, மேலே இழுங்க. சில நொடி பிடிச்சு, முழுசா விடுங்க. தொடையும் பிட்டமும் இறுகக் கூடாது, மூச்சு ஓடிட்டே இருக்கணும். என்கிட்ட வர்றவங்கள்ல நிறையப் பேர் கீழே முக்கறாங்க. திரும்பச் சொல்றேனுங்க, மேலே இழுக்கணும். ஒரு வேளைக்கு 8 தடவை, நாளைக்கு 3 வேளை, குறைஞ்சது 3 மாசம். பஸ்ல உட்கார்ந்துக்கிட்டுக்கூடச் செய்யலாம், யாருக்கும் தெரியாது. ஒண்ணுக்குப் போறப்ப பாதியில நிறுத்தி மட்டும் பழக வேண்டாம்.

இன்னொரு நுணுக்கம். இருமல் வரப்போகுதா, முதல்ல இறுக்குங்க, அப்புறம் இருமுங்க. குடம் தூக்கறதுக்கு முன்னாடியும் அதேதான். அந்த அக்காவுக்கு 'குதிக்கறதுக்கு முன்னாடி இறுக்கு'ன்னு சொல்லிக் கொடுத்தேன். நாலு மாசம் கழிச்சு அடுத்த அரங்கேற்றத்துல கடைசி அடி வரைக்கும் நின்னாங்க. சுத்தமா நின்னுபோச்சுன்னு சொல்லலை. "முன்னைக்கு எவ்வளவோ தேவலை அம்மிணி"ன்னாங்க.

நேரமாச்சுன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டறாங்க. வேகமாச் சொல்லிடறேன். கதவைத் திறக்கறதுக்குள்ள அவசரமா வந்துடறது வேற வகை. அதுல மூத்திரப்பையே நேரங்கெட்டுச் சுருங்குது. அதுக்குத் தனிப் பழக்கமும் மாத்திரையும் உண்டு. சொட்டுதேன்னு தண்ணி குடிக்காம இருக்காதீங்க. ஒண்ணுக்குல ரத்தம் வந்தா, எரிச்சல் இருந்தா, கீழே ஏதோ இறங்கற மாதிரி இருந்தா உடனே டாக்டரம்மாவைப் பாருங்க. போறப்ப, எப்ப, எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனீங்க, எப்பச் சொட்டுச்சுன்னு மூணு நாள் ஒரு நோட்டுல குறிச்சு எடுத்துட்டுப் போங்க. வணக்கமுங்க.