அழாத குழந்தையைக் கவனியுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். குழந்தைக்கு அடிபட்டால், "சின்ன உடம்பு, சீக்கிரம் ஆறிவிடும்" என்று ஆறுதல் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை.

எப்படி அடிபடுகிறது என்பது வயதைப் பொறுத்தது. நடை பழகும் வயதில் விழுவார்கள், சுடுதண்ணீரைக் கொட்டிக்கொள்வார்கள். பள்ளி வயதில் சாலையும் சைக்கிளும். பதின்வயதில் வண்டி ஓட்டும் ஆசை. எந்த வயதிலும் உயிரைக் குடிப்பதில் தலைக்காயத்துக்கே முதலிடம்.

இப்போது ரத்தப்போக்குக்கு வருகிறேன். பத்து கிலோ எடையுள்ள குழந்தையின் உடம்பில் மொத்தமே சுமார் 800 மில்லி ரத்தம்தான். அதில் கால் பங்கு போன பிறகும் ரத்த அழுத்தம் சரியாகவே காட்டக்கூடும். ரத்தக்குழாய்கள் இறுகிக்கொள்ளும், இதயம் வேகமாக அடித்துச் சமாளிக்கும். அழுத்தம் இறங்கும்போது ஆபத்து முற்றியிருக்கும். அதனால் முதலில் நாடியைப் பாருங்கள். கைகால் சில்லிட்டிருக்கிறதா, நகத்தை அழுத்தி விட்டால் நிறம் திரும்ப நேரமாகிறதா என்று பாருங்கள். வீறிட்டு அழுகிற பிள்ளையைவிட, சோர்ந்துபோய்ச் சும்மா கிடக்கிற பிள்ளைதான் எனக்குப் பயம் தருகிறது.

விலா எலும்பும் நம்மை ஏமாற்றும். குழந்தைகளுக்கு அது வளைந்து கொடுக்கும். எலும்பு முறியாமலே உள்ளே நுரையீரல் கன்றிப்போகும். சைக்கிள் ஹேண்டில்பார் வயிற்றில் குத்தினால் வெளியே சின்னதாக ஒரு வட்டத் தடம்தான் தெரியும். உள்ளே கணையம் கிழிந்திருக்கலாம்.

தொற்றை எதிர்க்க உதவும் மண்ணீரல் கிழிந்தால் ஒருகாலத்தில் உடனே எடுத்துவிடுவார்கள். மண்ணீரலை இழந்த குழந்தைகளைக் கொடிய தொற்று தாக்குவதை 1952-இல் கிங், ஷூமாக்கர் என்ற இரு மருத்துவர்கள் எழுதினார்கள். இன்று நிலை சீராக இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கத்தி வைக்காமலே ஆறுகிறது. நல்ல மாற்றம்!

சரி, பிழைத்த பிறகு? எலும்பு நீளமாக வளரும் இடமான வளர்ச்சித் தட்டில் அடிபட்டால், முறிந்த எலும்பு ஒட்டிக்கொள்ளும். ஆனால் மாதங்கள், வருடங்கள் கழித்துக் கால் கோணலாகவோ குட்டையாகவோ வளரலாம். மூளையும் அப்படித்தான். பிஞ்சு மூளை எளிதில் தேறும் என்று வெகுநாள் நம்பினோம். பலத்த அடி என்றால், மிகச் சிறு வயதில் பட்டதன் விளைவு பெரும்பாலும் இன்னும் மோசம். கவனக்குறைவும் திட்டமிட முடியாமையும் மூக்குமேல் கோபமும், பாடம் கடினமாகும் வகுப்புகளில்தான் வெளிப்படும். அதைச் சேட்டை என்று தண்டிக்கிறோம். ஆகவே பெற்றோர்களே, அடிபட்டு எத்தனை வருடம் ஆனாலும், அந்தத் தலைக்காயத்தைப் பற்றி ஒவ்வொரு புது ஆசிரியரிடமும் சொல்லி வையுங்கள்.