லொஃபோட்டனுக்கு ஏன் செப்ரெம்பரில் போனோம்? மலை, கடல், காய்ந்த மீன்

வணக்கம் உறவுகளே. நோர்வேக்குப் போவதென்றால் கோடையில்தானே போகவேண்டும், நீங்கள் இரண்டுபேரும் ஏன் செப்ரெம்பர் கடைசியில் போனீர்கள் என்று கனபேர் கேட்டிருந்தீர்கள். சரி, இன்றைக்கு அதைத்தான் கதைக்கப்போகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து யாராவது சோடியாக வட நோர்வேக்குப் போக யோசித்தால், இலையுதிர் காலத்தில் போங்கோ என்றுதான் சொல்லுவேன்.

முதல் காரணம் வெளிச்சம். லொஃபோட்டன் தீவுகள் ஆர்க்டிக் வட்டத்துக்கும் மேலே, 68 பாகை வடக்கில் இருக்கின்றன. ஜூன் மாதத்தில் அங்கே சூரியன் மறைவதே இல்லை; டிசம்பர் கடைசியில் எழும்புவதே இல்லை. செப்ரெம்பர் 22, 23 அளவில் பகலும் இரவும் கிட்டத்தட்டச் சமம், எங்கட ஊரில் இருக்கிற அதே அளவு பகல். பகலில் ஆறுதலாகச் சுற்றலாம், இரவு நன்றாக இருட்டுவதால் வடதுருவ ஒளியும் பார்க்கலாம். கோடையில் போகிறவர்களுக்கு அந்த இருட்டுக் கிடைக்காது. மத்தியானத்திலும் சூரியன் தாழ்வாகத்தான் நிற்கும். இங்கே உச்சி வெயிலில் நிழல் காலடியில் கிடக்கும். அங்கே என் நிழல் என்னைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீளம். அந்தச் சரிந்த வெளிச்சம் மஞ்சளாகிப்போன பேர்ச் மரங்களில் விழும்போது மலையடிவாரம் முழுக்க ஒளிரும். அவ்வளவு வடிவு.

வட நோர்வேயின் பூடோ நகரத்தில் என் கணவருடைய பெரியம்மாவின் மகன் குடும்பமாக இருக்கிறார். அண்ணா வீட்டில் தங்கிவிட்டு, அங்கிருந்து லொஃபோட்டனில் இருக்கிற மொஸ்கெனெஸுக்குக் கப்பல் ஏறினோம். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். கரை நெருங்க நெருங்க மலைகள் ஒரே வரிசையாக எழும்பி நிற்கும். லொஃபோட்டன் சுவர் என்றே அதற்குப் பெயர். கடல் எனக்குப் புதிதில்லை, மலையும் நுவரெலியாவில் பார்த்திருக்கிறேன். ஆனால் கடலுக்குள் இருந்தே நேராக எழும்புகிற மலையை அன்றைக்குத்தான் பார்த்தேன். 250 கோடி ஆண்டுகளுக்கும் பழைய பாறைகள் அங்கே இருக்கின்றன. பனியாறுகள் செதுக்கிச் செதுக்கித்தான் இப்படிக் கூராக விட்டிருக்கின்றன.

தீவுகளை இணைப்பது ஈ10 என்ற வீதி. எங்கள் கடல் ஆழமில்லாதது என்பதால் யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் தாம்போதி போட்டுத் தீவுப்பகுதிக்குப் போகிறோம். அங்கே நீர் ஆழம், ஓட்டமும் பலம். அதனால் சில இடங்களில் கப்பல் போகிற அளவுக்கு வளைந்து உயர்ந்த பாலம், நாப்ஸ்ட்ரௌமனில் கடலுக்கு அடியால் போகிற சுரங்கப் பாதை.

ரெய்னே கிராமத்துக்கு மேலே ரெய்னேப்ரிங்கன் என்ற மலை. நேபாளத்து ஷெர்பாக்கள் வந்து பாறைகளை அடுக்கி, ஏறக்குறைய 2000 படிகள் கட்டியிருக்கிறார்கள். மழை பெய்தால் படி வழுக்கும், வானம் வெளித்த நேரம் பார்த்து ஏறுங்கோ. மேலே நின்று பார்த்தால் கரும்பச்சைக் கடல்நீர், அதன் ஓரத்தில் தூண்களில் நிற்கிற சிவப்பு மரவீடுகள். மீன்பிடிக்க வருகிறவர்கள் தங்குகிற வீடுகள் அவை. அந்த வழக்கம் 12ஆம் நூற்றாண்டில் இருந்து வருகிறது. இப்போது எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். இரவு படுத்திருக்கும்போது பலகைக்குக் கீழே தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்கும்.

இனி, என் மனதை அதிகம் பிடித்த விஷயம். அங்கே கொட் மீனை உப்பே போடாமல் காயவைக்கிறார்கள்! ஜனவரியில் இருந்து ஏப்ரல் வரை பாரென்ட்ஸ் கடலில் இருந்து மீன் முட்டையிட வரும். பிடித்துத் தலையை வெட்டி, இரண்டிரண்டாக வாலில் கட்டி மரச்சட்டங்களில் தொங்கவிடுவார்கள். வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியே நிற்பதால் மீன் அழுகாது, இலையானும் வராது; காற்றே உலர்த்திவிடும். எங்கட வெக்கைக்கு உப்பில்லாமல் கருவாடு போட ஏலாது. நாங்கள் போன காலத்தில் சட்டங்கள் வெறுமையாக இருந்தன. ஆனால் வீதி முடிகிற ஓ என்ற கிராமத்தில் காய்ந்த மீனுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே ஒரு மீனைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விறகுக்கட்டை மாதிரி இருந்தது, விரலால் தட்டினால் டொக் டொக் என்று கேட்டது. நல்ல மீன் இத்தாலிக்குப் போகிறது, காய்ந்த தலைகள் நைஜீரியாவுக்கு.

இதைப் பார்க்கும்போது அண்ணா சொன்னதுதான் நினைவில் ஓடியது. 80களில் எங்கட பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கவென்று நோர்வேக்கு வந்து, பிறகு வடக்கே மீன் தொழிற்சாலைகளில் நின்றிருக்கிறார்கள். இரட்டைக் கையுறை போட்டும் விரல் விறைத்துப்போகும், வீட்டுக்கு வந்து கையைச் சுடுதண்ணீரில் வைத்தால்தான் விரலை மடக்கலாம் என்றார் அண்ணா. அவர்களுக்கும் முன்னோடி, 1956இல் நோர்வேக்குப் போன குருநகர் அன்ரனி இராஜேந்திரம். நோர்வேக்காரரின் உதவியோடு காரைநகரில் படகு கட்டும் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் வரக் காரணமாக இருந்தவர். அவற்றை நடத்திய நிறுவனத்தின் பெயர் சீநோர்; அப்படிச் சொன்னால் எங்கட பெரியவர்களுக்கு உடனே விளங்கும்.

வடதுருவ ஒளியை உட்டாக்லைவ் கடற்கரையில் பார்த்தோம். முதலில் வெறும் கண்ணுக்குச் சாம்பல் நிற முகில் மாதிரித்தான் தெரியும், கமராவில் பச்சை. கொஞ்ச நேரத்தில் அது அசையத் தொடங்கியது. இவர் கமராவை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதனால் அந்தப் பகுதி வீடியோவில் இல்லை.

போகிறவர்கள் குடையை நம்பாதீர்கள், காற்றுக்கு நிற்காது. மழைக்கோட்டும் கம்பளி உள்ளுடுப்பும் கட்டாயம். மீன் தொங்குவதைப் பார்க்கவேண்டும் என்றால் மார்ச், ஏப்ரல்தான் சரி.

உங்கள் அப்பாவோ மாமாவோ அந்தத் தொழிற்சாலைகளில் நின்றிருந்தால் எனக்கு எழுதுங்கோ. அடுத்த காணொளியில் அவர்களைத்தான் கதைக்கவைக்க விரும்புகிறேன்.